உள்ளே எப்பவும் செவ்வாய்க்கிழமை

அதை முதல்ல பாத்தது நான்தான். கம்ப்யூட்டர் திரையோட கீழ் மூலையில, கடிகாரத்துக்குப் பக்கத்துல, நீல வட்டத்துக்குள்ள ஒரு வெள்ளைக் கை. அது அசையுது, யாருக்கோ டாட்டா காட்டற மாதிரி. மௌசைக் கிட்ட கொண்டு போனா "உதவியாளர்"னு எழுத்து வருது. கல்யாணமான நாள்லேருந்து வீட்டு வேலைக்கு உதவிக்கு ஒரு ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டிருக்கேன், ஒருத்தரும் காதுல போட்டுக்கல. இப்ப கேக்காமலே ஒண்ணு வந்து உக்காந்திருக்கு.

"என்னங்க, இது யாரு புதுசா?"ன்னு என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

அவர் எட்டிப் பாத்துட்டு கீபோர்டுல அடிச்சார். கம்ப்யூட்டர் பேசுச்சு. "நீ வரவழைச்சியா?"

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க."

"அப்ப தானா வந்திருக்கு. உங்க வீட்டு ஆளுங்க மாதிரி."

இப்படித்தான் பேசுவார். பேசுவார்னா, அவர் விரல் அடிக்கும், கம்ப்யூட்டர் பேசும். ஆனா குரல் அவரோடதுதான். அச்சு அசல் அவர் குரல்.

இவருக்கு சரக்கு யார்டுல வேலை. கிரேனுக்குக் கீழ நின்னு, மேல உக்காந்து ஓட்டற ஆளுக்கு "எறக்கு, நிறுத்து, இடப்பக்கம் போ"ன்னு குரல் குடுக்கணும். கையில வாக்கிடாக்கி குடுத்திருந்தாங்க. அதை இடுப்புல சொருகிட்டு வாயாலயே கத்துவார். எஞ்சின் சத்தம், இரும்புச் சத்தம் எல்லாத்தையும் தாண்டி அவர் குரல் மேல போகும். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத் தொண்டையில கட்டி வந்துச்சு. குரல்வளையையே எடுத்தாகணும்னு டாக்டர் சொன்னப்ப, இவர் முகத்துல ஈயாடல. "உயிர் இருந்தா போதும்"னு நான்தான் சொன்னேன். சொல்றது சுலபம், போகப் போறது என் தொண்டை இல்லையே.

ஆபரேஷனுக்கு முன்னாடி, பேச்சுப் பயிற்சி குடுக்கற அம்மா ஒரு கம்பெனியைச் சொன்னாங்க. சின்ன கம்பெனி. குரலை முன்கூட்டியே பதிஞ்சு வச்சுட்டா, அப்புறம் எதை டைப் அடிச்சாலும் அதே குரல்ல கம்ப்யூட்டர் பேசுமாம். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டின ஒரு ரூம்ல இவரை உக்கார வச்சு நூத்துக்கணக்குல வாக்கியம் படிக்கச் சொன்னாங்க. "இலைகள் காற்றில் மெல்ல அசைந்தன." இவர் பேப்பரைக் கீழ வச்சுட்டார். "இதை நான் எந்த ஜென்மத்துல சொல்லப் போறேன்?"ன்னார். பதிவு பண்ற பொண்ணு சிரிச்சுட்டு, "சரி சார், அதைப் படிச்சு முடிச்சுட்டு வீட்டுல எப்படிப் பேசுவீங்களோ அப்படியும் பேசுங்க"ன்னுது. அவ்வளவுதான். ஒரு மத்தியானம் பூரா என்னைத் திட்டினார். நான் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். கொஞ்சமாவது கூச்சம் வேணுமே!

அதனால அந்தக் குரலுக்குக் கொஞ்சத் தெரியாது, திட்ட மட்டும் நல்லா தெரியும். சிரிக்கவும் தெரியாது. "ஹாஹா"ன்னு அடிச்சா, டாக்டர் வாயத் தொறக்கச் சொன்ன மாதிரி "ஹா. ஹா." அப்படிங்கும். அதைக் கேட்டு நான் சிரிப்பேன், அவர் தோள் குலுங்கும். வெளியில போனா கையில ஒரு குறிப்பு நோட்டு, அதுல எழுதிக் காட்டறதுதான் பேச்சு. யார்டுலயும் இப்ப ஸ்டோர் ரூம்ல உக்கார வச்சுட்டாங்க. ஆனா வீட்டுக்குள்ள வந்து அந்த நாற்காலியில உக்காந்துட்டா ராஜாதான்.

அப்புறம் அந்தக் கம்பெனியை மூடிட்டாங்க. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய சாஃப்ட்வேர் அது. புதுப்பிக்கறதுக்கு ஆளே இல்ல. அப்பத்தான் என் தம்பி கை வச்சான். அவனை நாங்க ஸ்க்ரூன்னுதான் கூப்பிடுவோம். சின்ன வயசுல வீட்டுல ஒரு சாமானைக் கழட்டாம விட்டதில்ல. இப்ப ஹோட்டல்களோட கம்ப்யூட்டர்களைப் பாத்துக்கற வேலையில இருக்கான்.

"அக்கா, இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரை வச்சிருக்கேன்"னான்.

"எங்கடா? பெட்டி ஒண்ணுதானே இருக்கு?"

"நிஜமா இல்லக்கா. ஆனா அது தன்னை நிஜ கம்ப்யூட்டர்னுதான் நினைச்சுக்கிட்டிருக்கும். விர்ச்சுவல் மெஷின்னு சொல்லுவாங்க. மாமா குரல் அதுக்குள்ளதான் இருக்கு. அதோட கடிகாரத்தை நான் பிடிச்சு வச்சுட்டேன். எப்பத் தொறந்தாலும் அதுக்கு ஒரே நாள்தான், கம்பெனி இருந்த காலத்துல ஒரு செவ்வாய்க்கிழமை. அதனால வருஷம் முடிஞ்சதே அந்த சாஃப்ட்வேருக்குத் தெரியாது."

"இதுக்கு ஒரு நகல் எடுத்து வையேன்."

"எடுத்துப் பாத்தேன். வேற மெஷின்னு கண்டுபிடிச்சுட்டு, கம்பெனியைக் கேளுன்னுது. கம்பெனிக்கு எங்க போறது? அதோட பழைய நிலையை மட்டும் உள்ளேயே பத்திரமா வச்சிருக்கேன், ஏதாவது ஆனா அதுக்குத் திரும்பிடலாம். ஒண்ணே ஒண்ணுதான், இன்னிக்கு என்ன தேதின்னு அதுக்குத் தெரியவே கூடாது."

நாங்களும் பொத்திப் பொத்தித்தான் வச்சிருந்தோம். திரைக்கு வெளிய வருஷம் ஓடுச்சு, பொண்ணு வளந்து ஹாஸ்டல் போனா, எனக்கு முட்டி வலி வந்துச்சு. உள்ள மட்டும் செவ்வாய்க்கிழமை. "எனக்கு மட்டும் வயசாகறதில்ல பாத்தியா"ம்பார் இவர். "உங்க குரலுக்குத்தான் ஆகல, தலையைப் போய்க் கண்ணாடியில பாருங்க"ம்பேன் நான்.

இந்த நிலைமையிலதான் அந்த வெள்ளைக் கை வந்து சேந்துது. சும்மா மூலையில உக்காந்திருந்தா நான் ஏன் கவலைப்படப் போறேன்? நினைச்சப்பெல்லாம் திரைக்கு நடுவுல வந்து நிக்கும். "வணக்கம்! உங்கள் உள் கணினியில் சில குறைகளைக் கண்டேன். நான் உதவலாமா?" கீழ ரெண்டு பட்டன். ஒண்ணு "அனைத்தையும் சரிசெய்". இன்னொண்ணு "பிறகு நினைவூட்டு". வேண்டாம்னு சொல்ல ஒரு பட்டன் இல்ல. இது என்ன மாதிரி உதவி? நான் தண்ணீர் வாரியத்துல புகார் பிரிவுல இருக்கேன், எத்தனையோ பிடிவாதக்காரங்களைப் பாத்திருக்கேன். அவங்ககூட ஒரு தடவை முடியாதுன்னு சொன்னா போனை வச்சுடுவாங்க.

தம்பிக்கு போன் போட்டேன். விவரம் கேட்டான்.

"அந்த விர்ச்சுவல் மெஷினை ஓட்டற சாஃப்ட்வேர் தன்னைத்தானே புதுப்பிச்சிருக்கும்கா. அது கூட ஒட்டிக்கிட்டு வந்த சாமான் இது. வெளிய இருக்கற கம்ப்யூட்டருக்கும் உள்ள இருக்கறதுக்கும் நடுவுல புரோக்கர் மாதிரி. எதையும் அழுத்திடாதீங்க. நான் வேலையா வெளியூர்ல இருக்கேன், வந்ததும் பிடுங்கிப் போட்டுடறேன்."

"அழுத்த மாட்டோம்டா. நாங்க என்ன சின்னக் குழந்தைங்களா?"

அதுவரைக்கும் பெட்டியைத் தொறக்காம இருந்திருக்கலாம். ஆனா தொறக்கலேன்னா அவருக்குப் பேச்சில்ல. வாயைக் கட்டிக்கிட்டு இருங்கன்னு எந்த வாயால சொல்றது? நானும் சொல்லல, அவரும் மூடல. அது வந்து நிக்கறப்பெல்லாம் "பிறகு நினைவூட்டு"ன்னு தள்ளித் தள்ளி விட்டோம்.

சண்டை வந்தது ஒரு குழாயால. சமையலறைக் குழாய் ரொம்ப நாளா ஒழுகுது. சரி பண்றேன், சரி பண்றேன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தார். அன்னிக்கு ஆபீஸ்ல எனக்கு நல்ல திட்டு. ஊர்ல எங்க பைப் உடைஞ்சாலும் நான்தான் போய்க் கடப்பாரையால உடைச்ச மாதிரி கத்துவாங்க. நாள் பூரா ஊர்த் திட்டை வாங்கிக்கிட்டு வர்றவ, வீட்டுல திட்டாம வேற எங்க போய்த் திட்டறது? சாயங்காலம் உள்ள நுழையறேன், சொட்டு சொட்டுன்னு சத்தம். இவர் கம்ப்யூட்டர் முன்னாடி சாவகாசமா உக்காந்திருக்கார்.

"நாளெல்லாம் சும்மா உக்காந்து என்ன பண்றீங்க?"

"சும்மாவா? ஸ்டோர்ல மூட்டை எண்ணிட்டு இப்பத்தான் வந்தேன். வந்ததும் ஆரம்பிக்காத"ன்னு குரல் சொல்லுச்சு.

"நான் ஆரம்பிக்கல, குழாய்தான் ஆரம்பிச்சுது."

"உன் ஆபீஸ்ல சொல்லு. புகார் எழுதி வாங்கிக்கோ."

வந்துச்சே எனக்குக் கோவம்! பையைத் தூக்கி சோபாவுல வீசினேன். "ஊர்ல இருக்கற குழாய்க்கெல்லாம் நான் பதில் சொல்றேன். இந்த வீட்டுல இருக்கற ஒரே ஒரு குழாய்க்கு நீங்க சொல்லுங்க பதில்!"

நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டேன்னு எனக்கே ஒரு திருப்தி. இவர் விரல் பறந்துது. கோவத்துல அடிக்கறப்ப கீபோர்டைக் கூடப் பாக்க மாட்டார், என்னைத்தான் பாத்து முறைப்பார். கடைசியில அந்த என்டர் பட்டனை மேசையில குத்தற மாதிரி ஒரு குத்து. அதுதான் வழக்கம். குத்தினதும் குரல் வரும்.

குத்தினார். குரல் வரல.

"பதில் இல்லையா? அதான் பாத்தேன்!"னு சொல்லிட்டு சமையலறைக்குப் போயிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல கடைசி வார்த்தை என்னோடதா இருந்தது அன்னிக்குத்தான். எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. பாத்திரம் கழுவிக்கிட்டே பாட்டு வேற.

கொஞ்ச நேரம் கழிச்சு கைதட்டற சத்தம். என்னைக் கூப்பிடணும்னா ஒரு தட்டு தட்டுவார். அன்னிக்கு விடாம தட்டினார். ஈரக் கையோட வந்து பாத்தேன். மனுஷன் முகம் வெளுத்திருந்துச்சு.

திரையில அந்த வெள்ளைக் கை கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கிட்டிருந்துது. "அனைத்தும் வெற்றிகரமாகச் சரிசெய்யப்பட்டன! உள் கணினியின் நேரம் சரியான நேரத்துடன் பொருத்தப்பட்டது. இடத்தை அடைத்திருந்த பழைய நிலைகள் நீக்கப்பட்டன. இனி உங்கள் கணினி வேகமாக இயங்கும்." அதுக்குப் பின்னாடி குரல் சாஃப்ட்வேர், சாம்பல் நிறத்துல. "பயன்பாட்டுக் காலம் முடிந்துவிட்டது." டைப் அடிக்கற கட்டத்துல கர்சர்கூட இல்ல.

"யாரு அழுத்தினது?"ன்னேன்.

குறிப்பு நோட்டை எடுத்து எழுதினார். "உன்னைத் திட்டத்தான் அழுத்தினேன். அது குறுக்க வந்துடுச்சு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. இவர் என்னை முறைச்சுக்கிட்டே அடிச்சிருக்கார். அந்த நேரம் பாத்து அந்த சனியன் திரைக்கு நடுவுல வந்து உதவலாமான்னு கேட்டிருக்கு. எனக்குப் போட்ட என்டரை அது தனக்குன்னு எடுத்துக்கிச்சு.

"என்ன திட்டினீங்க?"ன்னு கேட்டேன். அந்த நேரத்துல ஏன் அதைக் கேட்டேன்னு தெரியல.

"மறந்துபோச்சு"ன்னு எழுதினார்.

தம்பிக்கு போன் போட்டுக் கத்தினேன். அவன் வேலையைப் பாதியில விட்டுட்டு மறுநாளே வந்தான். வந்தவன் வாசல்லயே ஷூவைக்கூட கழட்டாம நேரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தான். இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்னோம். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளிய நின்ன அன்னிக்குக்கூட எனக்கு இப்படிக் கையும் ஓடாம காலும் ஓடாம இருந்ததில்ல. அன்னிக்காவது உள்ள இருந்தவர் டாக்டர். இது என் தம்பி, மிக்சியைக் கழட்டித் திரும்ப மாட்டத் தெரியாம அம்மாகிட்ட அடி வாங்கினவன்.

பழைய நிலையைத் தேடினான். இல்ல. தேதியைப் பின்னாடி தள்ளி மறுபடி செவ்வாய்க்கிழமை ஆக்கினான். சாஃப்ட்வேர் ஒரு நிமிஷம் யோசிச்சுது. அப்புறம் "தேதி பின்னோக்கி மாற்றப்பட்டுள்ளது. விற்பனையாளரை அணுகவும்"னு காட்டிட்டுப் பூட்டிக்கிச்சு.

"அது பாத்துடுச்சுக்கா"ன்னான் தம்பி. "இன்னிக்கு என்ன நாள்னு ஒரு தடவை பாத்துடுச்சு. இனிமே மறக்காது."

"உள்ள குரல் இருக்குல்ல? அதை மட்டும் வெளிய எடுடா."

"இருக்குக்கா. எல்லாமே இருக்கு. பூட்டின பெட்டிக்குள்ள இருக்கு. சாவி போட்டவன் கடையை மூடிட்டுப் போயிட்டான்."

கம்பெனியோட பழைய நம்பருக்கு போன் போட்டேன். ரிங் போச்சு. எடுத்தாங்க! எனக்கு அழுகையே வந்துடுச்சு. "அம்மா, எங்க வீட்டுக்காரர் குரல் உங்ககிட்ட இருக்கு"ன்னேன். அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, "மெத்தைக் கடைங்க இது. சிங்கிளா, டபுளா?"ன்னு கேட்டுது. நம்பர் கை மாறியிருக்கு. அது மேல என்ன தப்பு? ஆனாலும் நான் அதைத் திட்டிட்டுத்தான் வச்சேன்.

உதவியாளர்னு பேர் வச்சிருக்கே, அதையே கேட்டா என்னன்னு தோணுச்சு. கேள்வி அடிக்கறதுக்கு அதுல ஒரு கட்டம் இருக்கு. "என் புருஷன் குரலைத் திருப்பிக் குடு"ன்னு அடிச்சேன்.

"ஒலியில் சிக்கலா? ஒலிபெருக்கி சரியாக இணைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்"னு பதில் வந்துச்சு.

பாத்தேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், மேசைக்கு அடியில குனிஞ்சு வயரைத் தொட்டுப் பாத்தேன். சரியாத்தான் இருந்துது.

"பழைய தேதியைத் திருப்பிக் குடு"ன்னு அடிச்சேன்.

"உங்கள் நேரம் இப்போது மிகத் துல்லியமாக உள்ளது! வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

தம்பி கையைப் பிடிச்சுக்கலேன்னா அன்னிக்குத் திரையை உடைச்சிருப்பேன்.

அதைவிடப் பெருசு பொண்ணோட போன். பிசியோதெரபி படிக்கறா, ஹாஸ்டல்ல இருக்கா. தினம் சாயங்காலம் கூப்பிடுவா. என்கிட்ட ஒப்புக்கு ரெண்டு வார்த்தை, அப்புறம் "அப்பாகிட்ட குடு"ம்பா. போனை ஸ்பீக்கர்ல போட்டு கீபோர்டு பக்கத்துல வைப்பேன். "பாப்பா, சாப்ட்டியா? பொய் சொல்லாத"ன்னு குரல் ஆரம்பிக்கும். குரல் போன முதல் நாள் அப்பா குளிக்கறார்னேன். அடுத்த நாள் தூங்கறார்னேன்.

"மா, அப்பாவுக்கு என்ன ஆச்சு? இந்த நேரத்துல அப்பா தூங்குவாரா? எனக்கு அவர்கிட்ட ரெண்டு திட்டு வேணும், எழுப்பு."

இதுக்கு மேல என்னால முடியல. சொல்லிட்டேன். அவ மூக்கை உறிஞ்சற சத்தம் ஸ்பீக்கர்ல கேட்டுது. இவர் பக்கத்துலதான் உக்காந்திருந்தார். கை தானா கீபோர்டுக்குப் போச்சு. அடிச்சார். என்டரைக் குத்தினார். ஒண்ணும் வரலேன்னு தெரிஞ்சும் மறுபடி அடிச்சார், மறுபடி குத்தினார். போன்ல அவளுக்கு அந்த டக் டக் சத்தம் மட்டும் கேட்டிருக்கும். "அப்பா, போதும்பா"ன்னா. அப்புறம்தான் நிறுத்தினார்.

போன்ல எழுத்தா மெசேஜ் அனுப்ப ஆரம்பிச்சார். "அழாதே. நேரத்துக்குச் சாப்பிடு." பொண்ணு என்கிட்ட சொல்றா, "எழுத்துல அப்பாவுக்குக் கோவமே வரமாட்டேங்குதும்மா, யாரோ மாதிரி இருக்கார்"னு. தொண்டையில வச்சுப் பேசற கருவி ஒண்ணு ஆஸ்பத்திரியிலயே குடுத்தாங்க, அதை எடுத்துப் பழகச் சொன்னா. அலமாரியிலேருந்து எடுத்துக் குடுத்தேன். கழுத்துல வச்சு ஒரு வார்த்தை பேசினார். மிக்சி ஓடற மாதிரி ஒரு சத்தம். தொடச்சு மறுபடி உள்ள வச்சுட்டார்.

தம்பி சும்மா இருக்கல. இப்பல்லாம் பழைய வீடியோவுல இருக்கற பேச்சை வச்சே குரலை உருவாக்கறாங்களாம். எங்க வீட்டு வீடியோவையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போனான். இவர் தூரத்துல நின்னு கத்தறதுதான் எல்லாத்துலயும் இருக்கு, இல்லேன்னா நான் கத்தற சத்தத்துக்கு அடியில இருக்கு. எதையோ தேத்தி ஒண்ணு கொண்டு வந்து போட்டான். தெளிவா, கணீர்னு இருந்துச்சு. எனக்கு எங்கயோ கேட்ட குரல் மாதிரி பட்டுது. இவர் நோட்டைப் பிடுங்கி எழுதினார். "இது எங்க அண்ணன்."

நிஜம்தான். சொத்துத் தகராறுல பல வருஷமா முகம் குடுத்துப் பேசாத அண்ணன். அச்சு அசல் அவரேதான்.

"கொஞ்சம் மாத்திப் பாக்கறேன் மாமா"ன்னான் தம்பி.

"அவன் குரல்ல பேசறதுக்கு நான் ஊமையாவே இருந்துக்கறேன்"னு எழுதி அடியில ரெண்டு கோடு வேற போட்டார். நானும் தம்பியும் சிரிச்சுட்டோம். இவரும் சிரிச்சார், தோள் குலுங்குச்சு. அப்புறம் மூணு பேருக்கும் ஒரே நேரத்துல சிரிப்பு நின்னுபோச்சு.

வீட்டுல சண்டை செத்துப்போச்சு. குழாயை அந்த வாரமே சரி பண்ணிட்டார். எனக்கு அது பிடிக்கல. வேணும்னே ஈரத்துண்டைக் கட்டில் மேல போட்டுப் பாத்தேன், அவருக்கு அது ஆகவே ஆகாது. நோட்டை எடுத்தார். யார்டுல வடம் பிடிச்ச கை, எழுத்து கோழி கிளறின மாதிரி, ஒவ்வொண்ணா வரும். நான் இடுப்புல கை வச்சு நின்னு காத்துக்கிட்டிருந்தேன். பாதி எழுதினவர் நிறுத்திட்டு, துண்டை எடுத்துத் தானே கொடியில போட்டுட்டார். எழுதி முடிக்கறதுக்குள்ள கோவம் ஆறிப்போகுது. ஆறின கோவத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது? எனக்குத் தனியா கத்தி அலுத்துப்போச்சு. ஆபீஸ்ல என்னைத் திட்டறவங்ககிட்டகூட "சரிங்க, சரிங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சேன். பக்கத்து சீட்டுக்காரி, உடம்பு சரியில்லையான்னு கேட்டா.

போன ஞாயித்துக்கிழமை தம்பி வந்தான். இந்தத் தடவை கையில எந்த சாமானும் இல்ல. நாற்காலி நுனியில உக்காந்து கால் ஆட்டிக்கிட்டே இருந்தான்.

"அக்கா, ஒண்ணு இருக்கு. காட்டலாமா வேணாமான்னு எனக்கே தெரியல."

"என்னடா, சொல்லித் தொலை."

"அந்த சாஃப்ட்வேர்ல சோதனை பட்டன்னு ஒண்ணு இருக்கு. செட்டிங்ஸ்ல, ரொம்ப உள்ள. அதை மட்டும் பூட்ட மறந்திருக்காங்க. ஒரே ஒரு வாக்கியம்தான் பேசும். அவங்க எழுதி வச்சது. மாத்த முடியாது. அதை வச்சுக் குரலை உருவாக்கவும் பாத்துட்டேன், முடியல."

இவர் தலையாட்டினார். போடுன்னு கை காட்டினார். தம்பி அழுத்தினான்.

"வணக்கம். நான் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறதா?"

அவர் குரல். அந்தக் கரகரப்பு, வார்த்தை முடியற இடத்துல லேசா ஒரு இழுப்பு, எல்லாம் அப்படியே. ஆனா இந்த மனுஷன் வாழ்க்கையில ஒருத்தருக்கும் வணக்கம் சொன்னவரே இல்ல. முதலாளி வந்தாக்கூட "வாய்யா"ன்னுதான் கேப்பார். யாரோ அவர் கழுத்தைப் பிடிச்சு மரியாதையா பேச வச்ச மாதிரி இருந்துச்சு. தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டான். இவர் எழுந்து பால்கனிக்குப் போயிட்டார்.

தம்பி கிளம்பினப்புறம் நான் அந்த நாற்காலியில உக்காந்தேன். பட்டனை அழுத்தினேன்.

"வணக்கம். நான் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறதா?"

"கேக்குதுங்க"ன்னேன்.

மறுபடி அழுத்தினேன். மறுபடி கேட்டுது.

"நல்லா கேக்குதுங்க. சொல்லுங்க. என்ன வேணும்னாலும் சொல்லுங்க, நான் எதிர்த்துப் பேசல."

அது வணக்கம் சொல்லுச்சு.

எத்தனை தடவை அழுத்தியிருப்பேனோ. கண்ணீர் மறைச்சுக்கிட்டு திரையே தெரியல. தோள்ல கை பட்டுது. அவர்தான். மௌஸ் மேல இருந்த என் கையை எடுத்து விட்டார். நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினார். என் எதிர்ல குனிஞ்சு, தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். அப்புறம் வாயைத் தொறந்து பேசினார்.

சத்தமே இல்ல. ஆபரேஷன்ல கழுத்துல போட்ட துளை வழியா மூச்சு மட்டும் புஸ்ஸுன்னு வந்துது. உதடு அசைஞ்சுது. சின்ன வாக்கியம்தான், ரெண்டு மூணு வார்த்தை இருக்கும்.

"என்னங்க?"

மறுபடி சொன்னார்.

நோட்டை எடுத்து நீட்டினேன். வேணாம்னு தள்ளி விட்டுட்டார். பேனாவையும் தள்ளினார். என் முகவாயைப் பிடிச்சுத் தன் வாயைப் பாக்க வச்சார். இத்தனை வருஷமா அந்த வாயை நான் பாக்கவே இல்ல. பாக்க வேண்டிய அவசியமே வரல. அவர் பக்கத்துல இருந்தாலும் நான் பெட்டியைப் பாத்துதான் பேசினேன், பெட்டியைப் பாத்துதான் சண்டை போட்டேன்.

"தண்ணி வேணுமா?"

இல்லேன்னு தலையாட்டினார்.

"பாப்பாவுக்கு போன் போடணுமா?"

இல்ல.

"என்னைத் திட்டறீங்களா?"

அதுக்கு ஆமாவும் சொல்லல, இல்லேன்னும் சொல்லல. அவர் கண்ணு கலங்கிடுச்சு. இன்னும் மெதுவா, சின்னக் குழந்தைக்குச் சொல்ற மாதிரி ஒவ்வொரு வார்த்தையா சொன்னார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னேன்.

சொன்னார். எனக்குப் புரியல.